காலி வண்டிதான் அதிகம் குதிக்கும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விடியற்காலையில் மீன் ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பும் லோடு வண்டிகள், எண்ணூர் விரைவுச் சாலையில் ஓரளவு அடக்கமாகத்தான் போகும். அதே வண்டிகள் காலிப் பெட்டிகளோடு திரும்பும்போது பார்க்க வேண்டும். பின்பக்கம் துள்ளுகிறது, பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதித் தாளம் போடுகின்றன, ஓட்டுநர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு எழும்பி எழும்பி உட்காருகிறார். சாலை அதேதான், குழிகளும் அதேதான், ஓட்டுபவரும் அவரேதான். ஒரு டன் சுமை இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பாரம் இறங்கினால் வண்டிக்குச் சுகம் கூட வேண்டும் என்றுதானே தோன்றும்? நடப்பது நேர்மாறு.

இதற்கான காரணம் வண்டியின் வயிற்றுக்கு அடியில் இருக்கிறது. 2005இல் வந்து ஊரெல்லாம் 'குட்டியானை' ஆகிவிட்ட டாடா ஏஸ், மஹிந்திராவின் பொலேரோ பிக்கப், 2011இல் வந்த அசோக் லேலண்டின் தோஸ்த் என்று எதை எடுத்துக்கொண்டாலும் பின் அச்சைத் தாங்குவது பட்டைதான். பட்டறைக்காரர்கள் பட்டை என்று சொல்வது, வில் போல வளைந்த எஃகுத் தகடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நடுவில் சென்டர் போல்ட் போட்டு, யூ-போல்ட்டால் ஆக்சிலோடு இறுக்கிய ஸ்பிரிங்கை. (எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் ஆன தொழிற்சாலை இன்றும் அங்கேதான் இருக்கிறது. லாரி பிறக்கும் ஊரிலேயே லாரிக்கு நல்ல சாலை கிடைப்பதில்லை என்று அந்தப் பக்கத்து ஆட்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் உண்டு.)

பட்டையை ஏன் அடுக்க வேண்டும்? ஒரே கனமான தகடாகப் போட்டுவிட்டால் என்ன? இரு முனைகளிலும் தாங்கி நடுவில் அழுத்தப்படும் எந்தச் சட்டமும் நடுவில்தான் அதிகம் வளையப் பார்க்கும். முனைக்குப் போகப் போக வேலை குறைந்துகொண்டே வரும். ஆகவே உலோகம் நடுவில் நிறையவும் முனைகளில் குறைவாகவும் இருப்பதே சிக்கனம். இந்தக் கணக்குப்படி ஒரு தகட்டை வெட்டினால் அது நடுவில் அகன்று முனைகளில் கூராகும் சாய்சதுரமாக வரும். அவ்வளவு அகலத்தை வண்டிக்கு அடியில் எங்கே வைப்பது? அதனால் அந்தச் சாய்சதுரத்தை நீளவாக்கில் கீற்றுகளாக நறுக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிட்டார்கள். மேலே நீளமான மெயின் பட்டை, கீழே போகப் போகக் குட்டையான பட்டைகள். குதிரை வண்டிகளுக்காக 1804இல் இங்கிலாந்தில் ஒபதையா எலியட் காப்புரிமை பெற்ற வில் அடுக்கின் பேரப்பிள்ளைதான் குட்டியானைக்கு அடியில் இருப்பது. சிலிக்கானும் மாங்கனீசும் கலந்த நல்ல எஃகு அது. லாரியில் ஆயுள் முடிந்த பட்டையைக் கொல்லர்கள் தேடி வாங்கி அரிவாள் அடிப்பது சும்மா இல்லை.

இனி துள்ளலுக்கு வருவோம். ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் எந்தப் பொருளுக்கும் ஒரு சொந்தத் தாளம் இருக்கிறது. தட்டிவிட்டால் வினாடிக்கு இத்தனை தடவை என்று அது மேலும் கீழும் ஆடும். அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. சுமையால் ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கியிருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால் வினாடிக்கு எத்தனை ஆட்டம் என்று கிட்டத்தட்டச் சரியாக வந்துவிடும். ஒரு டன்னுக்கு மேல் ஏற்றிய நிலையில் பின் பட்டை 9 செ.மீ. அமுங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 9இன் வர்க்கமூலம் 3; விடை 1.67. வினாடிக்கு ஒன்றே முக்கால் ஆட்டத்துக்கும் குறைவு. உடம்பு இதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

சுமையை இறக்கிவிட்டால் பின் பட்டையின் மேல் இருக்கும் எடை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். அமுக்கமும் நான்கில் ஒரு பங்கு, அதாவது 2.25 செ.மீ. வர்க்கமூலம் 1.5, விடை 3.3. தாளம் இரட்டிப்பாகிவிட்டது. காரில் இது ஏன் நடப்பதில்லை? காலிக் காருக்கும் நான்கு பேர் ஏறிய காருக்கும் எடையில் அத்தனை வித்தியாசம் கிடையாது. லோடு வண்டியோ தன் எடையளவு சுமையைத் தூக்கப் பிறந்தது. அதன் பட்டை எப்போதும் சுமைக்காகக் காத்திருக்கிறது.

தாளத்தைவிட முக்கியமானது உதையின் வலு. சக்கரம் 5 செ.மீ. உயர மேட்டில் திடீரென்று ஏறுகிறது என்று கொள்வோம். டயர் அமுங்குவதை ஒதுக்கிவிட்டால், பட்டை 5 செ.மீ. கூடுதலாக மடங்கி உடலை மேலே தள்ளுகிறது. இந்தத் தள்ளு விசை சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் தள்ளப்படும் எடை நான்கில் ஒரு பங்கு. எனவே முடுக்கம் நான்கு மடங்கு. கணக்குப் போட்டால், சுமையோடு இருக்கும் வண்டிக்குப் புவியீர்ப்பில் பாதியைச் சற்றுத் தாண்டுகிறது. காலி வண்டிக்குப் புவியீர்ப்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. புவியீர்ப்பைத் தாண்டாதவரை பெட்டிக்குள் இருக்கும் பொருள் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு ஏறி இறங்கும். தாண்டிவிட்டால் தளம் இறங்கும் வேகத்துக்குப் பொருளால் இறங்க முடியாது. அது அந்தரத்தில் நின்று பிறகு விழும். காலி மீன் பெட்டிகள் போடும் தாளத்துக்குக் காரணம் இதுதான்.

மனித உடம்பின் நிலைமை இன்னும் சிக்கலானது. உட்கார்ந்திருக்கும் ஒருவரின் வயிறு, முதுகெலும்பு, தோள் எல்லாம் சேர்ந்து மேல்கீழ் அசைவில் வினாடிக்கு 4 முதல் 8 ஆட்டம் வரையிலான அதிர்வுகளைத்தான் மிக அதிகமாக உணரும். சுமையேற்றிய வண்டியின் 1.67 இதற்கு வெகு கீழே இருக்கிறது. காலி வண்டியின் 3.3 வாசற்படியில் வந்து நிற்கிறது. போதாக்குறைக்கு இவ்வகைச் சிறு வண்டிகளில் ஓட்டுநரின் இருக்கை முன் சக்கரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. முன் சக்கரம் குழியில் வாங்கும் அடி நேராக வருகிறது, பின்பக்கம் எகிறும்போது மூக்கு குத்துவதுபோல ஆட்டமும் சேர்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் இதற்கென்றே ஒரு சட்ட நெறி போட்டது: எட்டு மணி நேர வேலையில் உடம்பு வாங்கும் அதிர்வு சராசரியாக 0.5 மீ/வி²ஐத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது. நம் லோடு வண்டி ஓட்டுநருக்கு முதலாளி பெரும்பாலும் அவரேதான். நடவடிக்கையும் அவரே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு தலையணையை மடித்து இருக்கையில் போட்டுக்கொள்கிறார்.

பட்டையில் இன்னொரு விசித்திரம் உண்டு. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசுவதால் அடுக்கு முழுவதும் கொஞ்சம் ஷாக் அப்சார்பர் வேலையும் பார்க்கிறது. ஆட்டத்தின் ஆற்றலை உராய்வு தின்கிறது. பாரம் இருக்கும்போது இது நல்லது. காலியாக இருக்கும்போது சின்ன மேடுகளின் விசை அந்த உராய்வைக்கூட வெல்லாது; தகடுகள் நகராமல் இறுகிக்கொள்ளும். அப்போது பட்டை ஸ்பிரிங்காக இல்லை, வெறும் இரும்புக் கட்டையாக இருக்கிறது; சாலையின் ஒவ்வொரு பொடிக்கல்லும் நேராகச் சேஸில் தெரியும். முனைகளை நோக்கி மெலியும்படி உருட்டப்பட்ட பரவளையப் பட்டைகள் நடுவிலும் முனையிலும் மட்டுமே தொட்டுக்கொள்ளும்படி வந்ததன் நோக்கம் இந்த உராய்வைக் குறைப்பதுதான்.

கடற்கரையில் அந்த உராய்வைக் கூட்டுவதற்கு ஆள் தயாராக இருக்கிறது: உப்பு. எண்ணூர் விரைவுச் சாலையின் ஒரு பக்கம் கடலும், கடல் ஊரைத் தின்னாமலிருக்கக் கொட்டிய பாறைகளும். உப்புக் காற்று ஒரு பக்கம் என்றால் மீன் பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகி வழியும் உப்புநீர் நேராகப் பட்டையில் சொட்டுகிறது. தகடுகளுக்கு நடுவே துரு பிடித்தால் அடுக்கு இறுகுகிறது. அதைவிட மோசமானது துரு போடும் ஊசிமுனைக் குழிகள். ரயில் அச்சுகள் ஏன் உடைகின்றன என்று ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வருடக்கணக்காகச் சோதித்துக் கண்டது, ஒரே தடவையில் உடைக்கப் போதாத விசைகூட லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வந்தால் எஃகை உடைத்துவிடும் என்பதை. விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பின் ஒரு சின்ன வடுவில்தான் தொடங்கும். அதைத் தடுக்கத் தொழிற்சாலையில் பட்டையின் இழுபடும் முகத்தை எஃகு மணிகளால் சரமாரியாக அடித்து, மேல்தோலை அழுத்த நிலையில் வைத்து அனுப்புகிறார்கள். துரு அந்த மெல்லிய தோலைத்தான் முதலில் துளைக்கிறது. பிறகு ஒரு நாள், அப்படியொன்றும் பெரிதல்லாத ஒரு குழியில், 'பட்டை கட்டாயிடுச்சு' என்று வண்டி சாய்ந்து நிற்கும். அந்தக் குழியைத் திட்டுவோம். உண்மையில் பட்டை பல மாதங்களாக உடைந்துகொண்டிருந்தது.

குழியைப் பற்றி நாம் பேசும்போது ஆழத்தைத்தான் பேசுகிறோம். சக்கரத்துக்கு ஆழத்தைவிட நீளம் முக்கியம். தோஸ்த் வகை வண்டியின் சக்கரம் ஏறக்குறைய 64 செ.மீ. விட்டம். வண்டி போகும் திசையில் 30 செ.மீ. நீளமுள்ள குழி, எவ்வளவு ஆழமாக இருந்தாலும், மெதுவாக உருளும் சக்கரத்தை 4 செ.மீ.க்குமேல் உள்ளே விடாது. இரு விளிம்புகளும் தாங்கிக்கொள்ளும். அதுவே 40 செ.மீ. நீளமானால் 7 செ.மீ. இறங்கும். 60 செ.மீ. ஆனால் 21 செ.மீ. நீளம் இரட்டித்தால் விழுவது ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது. ஒரு மீட்டருக்கு மேல் விட்டமுள்ள டிரெய்லர் லாரியின் சக்கரமோ அதே 60 செ.மீ. குழியில் 10 செ.மீ.கூட இறங்காது. ஸ்கூட்டரின் சின்னச் சக்கரத்துக்கு 40 செ.மீ. குழியே 13 செ.மீ.க்கு மேல் விழுங்கிவிடும். ஒரே குழி, மூன்று வண்டிகளுக்கு மூன்று குழி.

'வேகமாக விட்டால் குழிமேல் பறந்துவிடலாம்' என்று ஒரு நம்பிக்கை உண்டு. அரை உண்மை. 40 கி.மீ. வேகத்தில் 60 செ.மீ. குழியின் நடுவை எட்டச் சக்கரத்துக்கு 27 மில்லி வினாடி போதும். ஈர்ப்பு மட்டும் வேலை செய்தால் அதற்குள் 4 மி.மீ.தான் விழும். ஆனால் சக்கரத்தை ஈர்ப்பு மட்டுமா இழுக்கிறது? அதன் தலைமேல் அமுங்கிக் கிடந்த பட்டை, பிடி விட்டதும் கீழே உதைக்கிறது. சுமையேற்றிய வண்டியில் அந்த உதை சக்கரம், அச்சின் எடையைப்போல் பத்து மடங்குக்குப் பக்கம் இருக்கும், 4 மி.மீ. என்பது 4 செ.மீ. ஆகிவிடும். மெதுவாகப் போனால் விழும் 21 செ.மீ.யோடு ஒப்பிட்டால் இது லாபமே. ஆனால் எதிர் விளிம்பில் மோதும்போது கணக்குத் தீர்க்கப்படுகிறது: மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கும் விளிம்புக்கும் நடுவே நசுங்கி உள்நூல் அறுவது இங்கேதான். பிறகு டயர் ஓரிடத்தில் வீங்கிக்கொள்ளும். மேலும் எண்ணூர், மணலிப் பக்கத்துக் குழிகள் பலவும் 60 செ.மீ.யில் நிற்பவை அல்ல, வண்டி நீளத்துக்குப் படுத்திருப்பவை. அவற்றின்மேல் பறக்க எந்த வேகமும் போதாது. 40ஐ 20 ஆக்கினால் அடி நான்கில் ஒன்றாகும். இன்னொன்று: பிரேக்கைக் குழிக்கு முன்பே முடித்துவிட்டு, உள்ளே இறங்கும்போது காலை எடுத்துவிட வேண்டும். பிரேக் பிடித்தபடி இறங்கினால் முன் ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். அடியை வாங்க அதற்கு இடம் மிச்சமிருக்காது.

இவ்வளவு குழிகளையும் தோண்டியது யார்? குட்டியானை அல்ல. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா அருகே 1958 முதல் 1960 வரை வளையச் சாலைகள் போட்டு, அவற்றின்மேல் லாரிகளை இரவும் பகலும் ஓட்டிப் பார்த்தார்கள். அந்தச் சோதனையிலிருந்து பிறந்ததுதான் நான்காம் அடுக்கு விதி: அச்சின் எடை இரட்டித்தால் சாலைக்கு வரும் சேதம் இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய பதினாறு மடங்கு. இந்தியாவில் நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு அனுமதி 10.2 டன்னாக இருந்தது. 2018இல் அதை 11.5 டன் ஆக்கினார்கள். எடையில் 13 சதவீதம்கூடக் கூடவில்லை. நான்காம் அடுக்கில் போட்டுப் பாருங்கள், சேதம் 60 சதவீதம் கூடுகிறது. சுமையோடு 2 டன் அழுத்தும் லோடு வண்டியின் பின் அச்சோடு 11.5 டன் அச்சை ஒப்பிட்டால் ஆயிரம் மடங்குக்கும் மேல். கன்டெய்னர் டிரெய்லரின் ஓர் அச்சு ஒரு தடவை கடப்பதும், அப்படிப்பட்ட ஆயிரம் லோடு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடப்பதும் சாலைக்கு ஒன்று.

அதுவும் இங்கே டிரெய்லர்கள் கடப்பதில்லை, நிற்கின்றன. ராயபுரத்தில் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் வரிசை விரைவுச் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் நின்ற நாட்கள் வட சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. தார் திடப்பொருள்போல் தோன்றினாலும் மிகமிக மெதுவாக ஒழுகும் ஒன்று. சட்டென்று தட்டினால் தாங்கும். மணிக்கணக்கில் அழுத்தினால் விலகிக் கொடுக்கும். சாலைத் தாரின் இளகுநிலை தரத்துக்கேற்ப 47, 50 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. சித்திரை வெயிலில் சென்னைச் சாலையின் மேற்பரப்பு 60ஐத் தொடும். ஆக, இளகிய தாரின் மேல் பதினோரு டன் அச்சு அசையாமல் நிற்கிறது. சக்கரத் தடம் பள்ளமாகிறது. பள்ளத்தில் ஐப்பசி மழை தேங்குகிறது. நீருக்குக் கருங்கல்லோடு உறவு அதிகம்; கல்லுக்கும் தாருக்கும் நடுவே நுழைந்து தாரை உரித்துவிடும். மேலே அடுத்த டயர் ஏறும்போது விரிசலுக்குள் இருக்கும் நீர் நசுங்கிப் பீறிட்டு, அடியிலுள்ள மண்ணையும் தூளையும் கழுவிக்கொண்டு வெளியேறுகிறது. உள்ளே வெற்றிடம், மேலே ஓடு. ஒரு நாள் ஓடு இடிந்து குழியாகிறது. நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கும் இந்தக் கடலோரத்தில் அடித்தளம் காய்வதற்கே நேரம் கிடைப்பதில்லை.

நீர் புகுவதைத் தடுக்க முடியாதா என்று யோசித்தவர்களில் ஒருவர் நம்மவர். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், சூடான கல்லின்மேல் கழிவு பிளாஸ்டிக்கைத் தூவி உருகவிட்டு, அந்தப் பூச்சின்மேல் தாரைக் கலந்தார். பிளாஸ்டிக் பூசிய கல்லில் நீர் ஒட்ட இடமில்லை, தாரும் எளிதில் உரிவதில்லை. சென்னை நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் 2002இலேயே இப்படிச் சாலை போட்டார்கள். அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. டிரெய்லர்கள் நிற்கும் சாலைக்கு இது மட்டும் போதாது என்பதே என் எண்ணம். அங்கே வேண்டியது நின்று காத்திருக்கத் தனி யார்டு. இல்லாவிட்டால் வரிசை நிற்கும் தடத்துக்காவது கான்கிரீட்.

சாலையின் மேடுபள்ளத்தை அளக்கவும் கருவி இருக்கிறது. உலக வங்கி 1982இல் பிரேசிலில் நடத்திய சோதனைகளிலிருந்து வந்த பன்னாட்டுக் குறியீடு, 80 கி.மீ. வேகத்தில் போகும் ஒரு கற்பனைக் காரின் ஒற்றைச் சக்கரம் ஒரு கிலோமீட்டரில் மொத்தம் எத்தனை மீட்டர் மேலும் கீழும் அசையும் என்று கணக்கிடுகிறது. நம் நாட்டில் ஒற்றைச் சக்கர வண்டி ஒன்றை ஜீப்பின் பின்னால் 32 கி.மீ. வேகத்தில் இழுத்துப் போய் அளக்கிறார்கள். 2004ஆம் ஆண்டு விதிப்படி தார்க் கான்கிரீட் சாலையில் கிலோமீட்டருக்கு 2,000 மி.மீ.க்குக் கீழே இருந்தால் 'நன்று', 3,000ஐத் தாண்டினால் 'மோசம்'. எல்லாம் சரி, ஆனால் அந்தக் கற்பனை வாகனம் ஒரு கார். காருக்கு 'பரவாயில்லை' என்று வரும் சாலை காலி லோடு வண்டிக்கு எப்படி என்று அந்த எண் சொல்லாது. துறைமுகச் சாலையைக் காரின் இருக்கையிலிருந்து அளப்பது என்ன நியாயம்?

வேகத்தடைக்கும் விதி உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் நோகாமல் கடக்கலாம். நம் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாக முளைப்பவை அரை மீட்டர்கூட அகலமில்லாதவை. அவை வேகத்தைத் தடுப்பதைவிடப் பட்டையை உடைப்பதில் கெட்டி.

வண்டிக்காரர்கள் இதற்கெல்லாம் கண்டுபிடித்திருக்கும் வைத்தியம் எக்ஸ்ட்ரா பட்டை. உடையாமல் இருக்க இன்னும் ஒரு தகடு, இரண்டு தகடு. ஓவர்லோடு ஏற்றவும் வசதி. இந்த வைத்தியம் நோயைவிடக் கெட்டது. தகடு கூடக் கூடப் பட்டை விறைக்கும், காலியில் அமுக்கம் இன்னும் குறையும், மேலே போட்ட கணக்குப்படி துள்ளல் இன்னும் கூடும். பட்டை வாங்காத அடி எங்கேயும் காணாமல் போவதில்லை. சேஸுக்கும், பட்டையைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கில் கண்ணிக்கும் போகிறது. பட்டை உடைந்தால் ஒரு நாள் வேலை. சேஸ் விரிசல் விட்டால் வண்டியின் ஆயுளே போச்சு. அதைவிடச் செலவில்லாதவை இருக்கின்றன. யூ-போல்ட்டை அவ்வப்போது இறுக்கிப் பாருங்கள். அது தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சிலே இடம் மாறும், வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஓடும். மீன் இறக்கியதும் பட்டையை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வண்டியின் ஒரு மூலையை அமுக்கி விட்டுப் பாருங்கள். ஓர் ஆட்டத்தில் அடங்காமல் இரண்டு மூன்று தடவை ஆடினால் ஷாக் அப்சார்பரிலிருந்து எண்ணெய் போய்விட்டது என்று பொருள். கதவோரத் தகட்டில் காலிக்கும் சுமைக்கும் தனித்தனி டயர் காற்றழுத்தம் போட்டிருந்தால் அதை மதியுங்கள். சுமைக்கான அழுத்தத்திலேயே காலி வண்டியை ஓட்டினால் வண்டியின் முதல் ஸ்பிரிங்கான டயரும் கட்டையாகிவிடும்.

குழியைக் கண்டால் சென்னை மாநகராட்சியின் 1913க்கும், மாநில நெடுஞ்சாலை என்றால் அந்தத் துறையின் 'நம்ம சாலை' செயலிக்கும் புகார் அனுப்பலாம். அனுப்பும்போது ஆழத்தை மட்டும் எழுதாதீர்கள். வண்டி போகும் திசையில் குழி எவ்வளவு நீளம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், 40 செ.மீ.யைத் தாண்டிவிட்டால் அது அவசரம்.